வேலையில் இருப்பதாகக் காட்டும் பெண்ணைக் காணவில்லை

அனுப்புநர்
கு. சாமுண்டீஸ்வரி, எம்.எஸ்சி. (புள்ளியியல்), வயது 48,
திண்டிவனம் சாலை,
செஞ்சி.

பெறுநர்
துணைக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
செஞ்சி உட்கோட்டம்,
விழுப்புரம் மாவட்டம்.

பொருள்: என்னுடன் பணிபுரியும் திருமதி ஷோபனா (வயது 34) என்பவரை 13.08.2025 முதல் எவரும் நேரில் காணாதது – அவர் நாள்தோறும் பணியில் இருப்பதாக நிறுவனப் பதிவுகள் காட்டுவது – அவரைத் தேடிக் கண்டறியவும், விரைவில் அழியவிருக்கும் ஓர் ஒலிப்பதிவைக் கைப்பற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஷோபனாவுக்கு உறவினர் அல்ல. நெருங்கிய தோழி என்று சொல்லிக்கொள்ளவும் இயலாது. ஒரே ஊரில் ஒரே வேலையைச் செய்துகொண்டு, மூன்று ஆண்டுகளில் அவரை இரண்டே முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அவரைக் காணவில்லை என்று எழுதித் தர வேறு எவரும் இதுவரை முன்வராததால் நான் எழுதுகிறேன். நடந்தவற்றில் என் தவறும் உண்டு. அதை உரிய இடத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

2. எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பில் போடும் மென்பொருளைத் தொலைபேசி வழியே விற்கிறோம். நிறுவனம் சென்னையில் உள்ளது (பெயரும் முகவரியும் இணைப்பு 1-ல்). நாங்கள் அங்கே போவதில்லை. அவரவர் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் குழுவில் ஆறு பேர். செஞ்சியில் நானும் ஷோபனாவும், மற்ற நால்வர் வெவ்வேறு ஊர்களில். குழுத் தலைவர் திரு. வெற்றிவேல் சென்னையில் இருக்கிறார். நாளொன்றுக்கு ஆறு கடைக்காரர்களையாவது டெமோ பார்க்க ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் நான்குக்குக் கீழே இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். இரண்டாவது கடிதம் வந்த அன்று மாலையே உள்நுழைவு மூடப்படும். பட்டியலில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் கீழிருந்த பெயர் மேலேறி நிற்கும். போனவர் என்ன ஆனார் என்று மறுநாள் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

3. இம்மனுவைப் புரிந்துகொள்ள எங்கள் வேலையின் மூன்று வழக்கங்கள் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலை 9.30 முதல் மாலை 6.30 வரை ஓர் இணையவழிக் கூட்டம் திறந்தே இருக்கும். முகம் காட்ட வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. பெயர் இருக்க வேண்டும். கணினி ஓடிக்கொண்டிருந்தால் 9.30 மணிக்கு அதுவே நம்மைக் கூட்டத்தில் சேர்த்துவிடும். வெற்றிவேல் மணிக்கொரு முறை ஒவ்வொருவர் எண்ணிக்கையையும் அதில் உரக்கப் படிப்பார்.

இரண்டாவது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. மவுஸ் நான்கு நிமிடம் அசையாவிட்டால் அது மஞ்சளாகும். மஞ்சளானவரின் பெயரை எல்லோரும் கேட்கும்படி வெற்றிவேல் உரக்கக் கூப்பிடுவார். ஆகவே கழிப்பறைக்கோ அடுப்படிக்கோ போக வேண்டுமென்றால், முள் ஓடும் கைக்கடிகாரத்தை மேசையில் மல்லாக்க வைத்து, அதன் முகத்தின்மேல் மவுஸை வைத்துவிட்டுப் போவோம். விநாடி முள் ஓடுவதை மவுஸ் கையசைவாக எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாதவர் எங்கள் குழுவில் இல்லை.

மூன்றாவது வழக்கத்துக்கு எங்களுக்குள் ‘கைமாற்று’ என்று பெயர். ஒருவருக்கு எண்ணிக்கை குறைந்தால், இன்னொருவர் தாம் பிடித்த கடைக்காரரை அவர் பெயரில் பதிவுசெய்து கொடுப்பார். உறுதிப்படுத்தும் செய்தி அவர் பெயரில் போகும் என்பதால் தொலைபேசியிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். இது விதிமீறல். வெற்றிவேலுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் அவர் பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டுமே.

4. 13.08.2025 புதன்கிழமை காலைக் கூட்டத்தில் ஷோபனா தமக்குக் காய்ச்சல் என்றும் மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்றும் கேட்டார். “காய்ச்சல்ல குரல் கம்மிப்போய் நல்லா இருக்கும் ஷோபனா, கஸ்டமர் பாவப்பட்டே ஒத்துக்குவாங்க” என்று வெற்றிவேல் சொன்னார். இரண்டொருவர் சிரித்தார்கள். அதன்பின் ஷோபனாவின் குரலை அக்கூட்டத்தில் எவரும் கேட்டதில்லை. அன்று மாலை 6.40-க்கு அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது (இணைப்பு 2): “அக்கா, மூணு நாளைக்கு என் நம்பர் விழாம பாத்துக்குங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.” அதன் கீழே அவருடைய நிறுவன உள்நுழைவின் கடவுச்சொல் இருந்தது.

5. பார்த்துக்கொண்டேன். நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ அவர் பெயரில் பதிவு செய்தேன். முதல் நாள் நான் பதிந்தது இரண்டு. மாலையில் அவர் எண்ணிக்கை ஐந்தாக இருந்தது. காய்ச்சலோடு மீதி மூன்றை அவரே முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாளும் எண்ணிக்கை ஏறியது. தேறிவிட்டார், ஆனால் முழுபலம் வரவில்லை, கொஞ்சம் உதவலாம் என்று தொடர்ந்தேன். இப்படியே ஐந்து வாரம் கடந்தது. இடையில் நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை, அழைத்தபோதும் எடுக்கவில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்ததால் பதில் வராதது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

6. செப்டம்பர் முதல் தேதி, ஆகஸ்ட் மாதத்தில் குழுவில் முதலிடம் ஷோபனாவுக்கு என்று கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டு வார்த்தை பேசும்படி வெற்றிவேல் கேட்டார். அரை நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. “பாத்தீங்களா, பேசக்கூட நேரமில்லாம வேலை செய்யறாங்க. மத்தவங்க கத்துக்குங்க” என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

7. நான் புள்ளியியல் படித்தவள். செப்டம்பர் நடுவில் ஒருநாள், வேறொரு காரணத்துக்காகக் குழுவின் அன்றாட எண்ணிக்கைகளைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எங்கள் ஐவரின் எண்களும் மனிதருடைய எண்கள். ஒருநாள் ஒன்பது, மறுநாள் இரண்டு, தலைவலி வந்த நாள் ஒன்றுமில்லை. ஷோபனாவின் எண் மட்டும் ஐந்து, ஆறு, ஐந்து, ஏழு, ஆறு என்று ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. தனி ஒருவரின் உழைப்பு இத்தனை சீராக இருப்பதில்லை. பலருடைய எண்களைக் கூட்டினால்தான் மேடுபள்ளம் இப்படித் தணியும். இது எனக்குத் தெரிந்த கணக்கு. தெரிந்திருந்தும், ஷோபனா நன்றாக இருக்கிறார் என்பதை உறுதி செய்துகொள்ளவே விரும்பினேன். 19.09.2025 வெள்ளியன்று வேண்டுமென்றே ஒன்றும் பதியாமல் இருந்தேன். மாலையில் அவர் எண்ணிக்கை ஐந்து. நிம்மதியாக இருந்தது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். அன்று இரவுதான், ஏறக்குறைய நாற்பது நாட்களாக அவர் கைபேசி ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை என்பது உறைத்தது.

8. மறுநாள் சனிக்கிழமை மதிய இடைவேளையில் அவர் வீட்டுக்குப் போனேன். சிங்கவரம் சாலையிலிருந்து பிரியும் தெருவில், திருமதி குஞ்சம்மாள் என்பவரின் வீட்டு மாடியில் ஓர் அறை. ஷோபனா கணவரைப் பிரிந்து நான்காண்டுகளாக அங்கே தனியாகக் குடியிருக்கிறார். மறுநாள் அமாவாசை என்பதால் மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தெருவரை இரைச்சலாக இருந்தது. மாடிப்படியின் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. மலையிலிருந்து குரங்குகள் வருவதால் அந்தத் தெருவில் மாடிகளை எப்போதும் பூட்டியே வைக்கிறார்கள். ஆகவே பூட்டைப் பார்த்து யாரும் எதுவும் நினைத்ததில்லை.

9. குஞ்சம்மாளிடம், மேலே ஷோபனா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்று தயங்காமல் சொன்னார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றபோது யோசித்தார். ஆடி மாதம் கடைசியில் பார்த்ததாக நினைவு என்றார். பிறகு எப்படி இருக்கிறார் என்று சொல்கிறீர்கள் எனக் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “டெய்லி காலைல மேல பேச்சு சத்தம் கேக்குதே. ஆம்பளை ஒருத்தன் நம்பர் நம்பரா சொல்லிக்கினே இருப்பான். பொம்பளைங்க பேசுவாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் சத்தம் இருக்காது, லீவுன்னு தெரிஞ்சிக்குவேன். அது குரல் மட்டும் கேக்கலம்மா. வாயே தொறக்காம வேலை செய்யுதுன்னு நெனச்சிக்கினேன்.”

10. மாற்றுச் சாவியால் கம்பிக்கதவைத் திறந்துவிட்டார். முட்டி வலி என்று அவர் கீழேயே நின்றார். நான் மேலே போய் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. நான் சந்தேகப்பிராணி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் நம்புவதில்லை. கைபேசியில் எங்கள் கூட்டத்தைத் திறந்து, ஒலிவாங்கியை இயக்கி, “ஷோபனா” என்று கூப்பிட்டேன். அரை விநாடி கழித்து, மூடிய கதவுக்கு உள்ளிருந்து என் குரல் “ஷோபனா” என்றது. தொடர்ந்து வெற்றிவேலின் குரல், கைபேசியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒன்றன்பின் ஒன்றாக, “சாமுண்டி மேடம், அவங்கள டிஸ்டர்ப் பண்ணாதீங்க. டார்கெட்ல இருக்காங்க” என்றது.

11. கீழே நின்ற குஞ்சம்மாளிடம் மாற்றுச் சாவி வாங்கி வந்து அறைக்கதவைத் திறந்தேன். உள்ளே எவரும் இல்லை. மேசைமேல் மடிக்கணினி மின்இணைப்போடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்கள் கைக்கடிகாரம் மல்லாந்து கிடந்தது, அதன்மேல் மவுஸ். திரையில் அம்புக்குறி விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஷோபனாவின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி பச்சையாக இருந்தது. கைபேசியும் செருப்பும் இல்லை. கைபேசியின் சார்ஜர் சுவரில் செருகியபடி இருந்தது. மூக்குக்கண்ணாடி கட்டில்மேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் பேருந்துப் பலகையைப் படிக்க முடியாது என்பதை நான் அறிவேன். காய்ச்சல் மாத்திரை அட்டையில் இரண்டு எடுக்கப்பட்டிருந்தன. எதையும் தொடாமல் பூட்டிவிட்டு வந்தேன். சாவி குஞ்சம்மாளிடம் உள்ளது. இதை நான் எழுதும்போதும் கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புள்ளி பச்சையாகத்தான் இருக்கிறது.

12. ஞாயிறன்று குழுவினரைத் தனித்தனியே அழைத்தேன். முதலில் செல்வி ரஞ்சனி அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக. ஷோபனா அதே செய்தியை அதே நேரத்தில் ஐந்து பேருக்கும் அனுப்பியிருக்கிறார். யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றதால் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோ பதிந்துவிட்டு, மற்றவர் பதிந்ததை ஷோபனாவின் உழைப்பு என்று நினைத்து நிம்மதியடைந்திருக்கிறோம். நாங்கள் ஐவரும் சேர்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், இல்லாத ஒருவரை நாற்பது நாள் வேலை செய்ய வைத்தோம். அந்த எண்ணிக்கை இல்லாதிருந்தால் மூன்றாம் நாளே நிறுவனம் அவரைத் தேடியிருக்கும், குறைந்தது கடிதமாவது போட்டிருக்கும். அவர்மீது கொண்ட இரக்கத்தால் அவரைக் காணாமல் போனவர் என்று எவருக்கும் தெரியாமல் செய்துவிட்டோம். இதுவே நான் குறிப்பிட்ட தவறு.

13. அன்றே தொண்டூரில் இருக்கும் அவர் தம்பி திரு. இளவரசனிடம் தொலைபேசியில் பேசினேன். அக்காவுக்கும் அவருக்கும் சில மாதங்களாகப் பேச்சு இல்லை. அவர் பதற்றப்படவில்லை. “அது நல்லாத்தான் இருக்குது. நானே கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன், அதுதான் ஃபர்ஸ்ட்டுன்னாங்க. உங்களுக்கு இன்னாக்கா டென்சன்?” என்றார். அறையில் பார்த்ததைச் சொன்ன பிறகு, போலீசுக்குப் போனால் அக்காவின் பேர் கெட்டுவிடும், சொந்தக்காரர்களிடம் விசாரித்துவிட்டுத் தாமே புகார் தருவதாகச் சொன்னார். இன்றுவரை தரவில்லை. அவரை நம்பி நான்கு நாட்களைக் கழித்ததும் என் பிழையே.

14. திங்கள் 22.09.2025 முதல் ஷோபனா பெயரில் எதையும் பதிவதில்லை என ஐவரும் முடிவு செய்தோம். அன்று அவர் எண்ணிக்கை பூஜ்யம். மறுநாள் செவ்வாய் காலை 11.07-க்கு அது ஒன்று ஆனது.

15. எங்களில் எவரும் செய்யவில்லை. ஐவரும் அப்போது கூட்டத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் செய்த பதிவுகள் கணினியில் தட்டச்சு செய்தவை. அவற்றுக்குப் பின்னால் ஷோபனாவின் கணக்கில் அழைப்புப் பதிவு இராது. இதற்கு இருந்தது. ஷோபனாவின் கைபேசியிலுள்ள நிறுவனச் செயலி வழியாக, அவலூர்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் திருமதி ராஜாம்பாளுக்கு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி அழைப்பு போயிருக்கிறது (இணைப்பு 3). நான்கு நிமிடத்தைத் தாண்டும் அழைப்பைச் செயலி தானே எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும்.

16. நேற்று நான் ராஜாம்பாளை என் சொந்தப் பெயரில் அழைத்து விசாரித்தேன். அவர் சொன்னது: “ஆமாங்க, ஷோபனாதான் பேசுச்சு. சாப்ட்வேர் பத்தி ஒண்ணும் பேசல. ‘என் பேர்ல உங்ககிட்ட யாராவது பேசுனாங்களாக்கா?’ன்னு கேட்டுச்சு. நீதானம்மா போன மாசம் பேசுனன்னு சொன்னேன். அப்புறம், ‘நான் இன்னா பேசுனேன்?’னு கேட்டுச்சு. நல்லாத்தான் பேசுன, டெமோ பாக்கச் சொன்னன்னு சொன்னேன். அப்பவும் வெக்கல. மூச்சு மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சு. நான்தான் வெச்சேன்.”

17. சென்ற மாதம் 28-ஆம் தேதி ஷோபனா என்று சொல்லிக்கொண்டு ராஜாம்பாளிடம் பேசியவள் நான். எனவே ஒரு கேள்வி கேட்டேன்: செவ்வாயன்று பேசிய குரலும் சென்ற மாதம் பேசிய குரலும் ஒன்றுதானா? சந்தேகமே இல்லை, அதே குரல்தான் என்றார். என் குரல் அதைப்போல இருக்கிறதா என்றும் கேட்டேன். “உங்க குரல் வேறங்க” என்றார்.

18. இதிலிருந்து பெரிதாக எதையும் நான் முடிவு செய்யவில்லை. பெயரைச் சொன்னால் கேட்பவர் காதில் குரலும் அந்தப் பெயருக்குரியதாகிவிடும் என்பதே இதற்குப் போதுமான விளக்கம். நாற்பது நாள் நாங்கள் பிழைத்தது அதை வைத்துத்தான். ஆனால் அதன் பொருள், செவ்வாயன்று பேசியவர் ஷோபனாவா, அவர் கைபேசியை வைத்திருக்கும் வேறொருவரா என்று ராஜாம்பாளின் சாட்சியத்தைக் கொண்டு சொல்ல முடியாது என்பதும்தான். செயலி வழி போகும் அழைப்புகளை நிறுவனம் ஒலிப்பதிவு செய்கிறது. அதைக் கேட்டால் தெரியும். அழைப்பு எந்தக் கைபேசிக் கோபுரத்திலிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெரியும். நான் கேட்டால் தரமாட்டார்கள். காவல்துறையின் கடிதத்துக்குத் தருவார்கள். அழைப்பு நடந்த பதினைந்தாம் நாள், அதாவது 08.10.2025 அன்று, ஒலிப்பதிவு தானாக அழிந்துவிடும்.

19. இவை அனைத்தையும் நேற்று வெற்றிவேலுக்கு எழுதினேன். அவருடைய பதில் ஒரே வரி (இணைப்பு 4): “மேடம், அவங்க பச்சையில இருக்காங்க. காணோம்னு எப்படி சொல்றீங்க?” மாலையில், மூன்று நாள் எண்ணிக்கை நான்குக்குக் கீழ் இறங்கியதால் ஷோபனாவுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் போனது. இன்று, நாளை, நாளை மறுநாள் இப்படியே இருந்தால் சனிக்கிழமை மாலை இரண்டாவது கடிதம் போகும். அத்துடன் அவர் உள்நுழைவு மூடப்படும். அந்தச் செயலியும் மூடிக்கொள்ளும். செவ்வாயன்று அழைத்தவர் எவராயினும், அவர் பேசிய ஒரே வழி அதுதான்.

20. நாளொன்றுக்கு நான்கு மட்டும் போட்டு அதைத் திறந்து வைத்திருக்கலாமா என்று ரஞ்சனி இன்று காலை கேட்டார். வேண்டாம் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

21. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து, அ) இம்மனுவைக் காணாமல் போனவர் குறித்த புகாராகப் பதிவு செய்யவும், ஆ) 23.09.2025 காலை 11.07 மணி அழைப்பின் ஒலிப்பதிவையும் இடத்தையும் சனிக்கிழமைக்கு முன் பெறவும், அதுவரை ஷோபனாவின் உள்நுழைவை மூடாதிருக்க நிறுவனத்துக்கு எழுதவும், இ) அந்த அறையைப் பார்வையிடவும் வேண்டுகிறேன். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன். அவர் பெயரில் பேசியதற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதானால் அதற்கும் உடன்படுகிறேன்.

22. கடைசியாக ஒன்று. தேடுதல் தொடங்கியதும் ஷோபனா தாமே தொலைபேசியில் வந்து, நலமாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று சொல்லக்கூடும். செய்தி அனுப்பக்கூடும். விவரம் தெரிந்தவராகவும் குரல் பொருந்தியவராகவும் இருக்கக்கூடும். அருள்கூர்ந்து அதை ஏற்று இந்தப் புகாரை முடித்துவிட வேண்டாம். தங்கள் காவலர் ஒருவர் அவர் இருக்குமிடம் போய், எதிரே நின்று, முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் இருக்கிறார் என்று எழுத வேண்டும்.

உண்மையென நம்பி எழுதிக் கையொப்பமிடுபவர்,

(ஒப்பம்) கு. சாமுண்டீஸ்வரி

இடம்: செஞ்சி
நாள்: 25.09.2025